மூலக்குளத்துக்குப் பிறகு பேச்சில்லை

2025 மார்ச் 14, வெள்ளி.

இன்றைய பிழை: இரவுச் சாப்பாட்டில் மௌனத்தைக் கலைத்துவிட்டேன். சிஸ்டர் பிலோமின் ரசம் என்று நினைத்து, கை அலம்ப வைத்திருந்த தண்ணீரைச் சோற்றில் ஊற்றப் போனார்கள். "சிஸ்டர், அது ரசமில்ல" என்று சொல்லிவிட்டேன். கையைத் தொட்டுக் காட்டியிருந்தாலே போதும்.

நாளைய வேலை: விடியுமுன் சிஸ்டருக்கு இன்சுலின், இட்லி. பையில் குளுக்கோஸ், பிஸ்கட், தண்ணீர். வில்லியனூர் நடை.

லூர்துசெல்வி எழுதியதை இன்னொரு முறை படித்தாள். பேசியது ஒரு பிழை, சத்தமாகப் பேசியது இன்னொரு பிழை. இரண்டாக எழுத வேண்டுமோ என்று யோசித்துவிட்டுப் பேனாவை மூடினாள். எதைச் செய்தாலும் சரிதானா என்று அவளுக்கு ஒரு சந்தேகம் வரும். அந்தச் சந்தேகம் தேவைதானா என்று அதன் பின்னாலேயே இன்னொன்று வரும்.

நெல்லித்தோப்பில் அவளும் சிஸ்டர் பிலோமினும் இருந்த கன்னியர் மடத்தில் வயதானவர்கள் கூடிக்கொண்டே போனார்கள். ஊசி போடவும் சர்க்கரை பார்க்கவும் வீட்டோடு ஓர் ஆள் வேண்டும் என்று தலைவி மதர் வெரோனிகா அவளை முதியோர் பராமரிப்பு மாலை வகுப்பில் சேர்த்துவிட்டிருந்தார். பாடம் எடுத்தவர் கலைவாணன் என்ற ஆண் நர்ஸ். தினமும் தேதி போட்டு, அன்றைக்குச் செய்த பிழையையும் மறுநாள் செய்ய வேண்டிய வேலையையும் எழுத வேண்டும் என்பது அவருடைய சட்டம். "இன்னிக்குப் பிழையே இல்லன்னு யாராவது எழுதுனீங்கன்னா, அதான் அன்னிக்குப் பிழை" என்பார். எழுத ஒன்றும் இல்லையே என்ற கவலை மட்டும் லூர்துசெல்விக்கு வந்ததே கிடையாது.

முக்கால்வாசி நாள் அவள் எழுதியது நாக்கைப் பற்றித்தான். பிள்ளைச்சாவடிக் கடற்கரையில் அலைச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தியே வளர்ந்தவள் அவள். அங்கே ஒருவரைச் சாப்பிடக் கூப்பிட்டால் நாலு தெருவுக்குக் கேட்கும். மடத்திலோ கதவைக்கூடச் சத்தமில்லாமல் சாத்த வேண்டும். அன்றிரவு ரசத்துக்காக அவள் வாயைத் திறந்தபோது மதர் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தி ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். அந்தப் பார்வை இரவெல்லாம் அவள் கழுத்துக்குப் பின்னாலேயே நின்றது. இனி இந்தத் தவக்காலம் முடிகிறவரைக்கும் மௌன நேரத்தில் ஒரு சொல் பேசுவதில்லை என்று சிலுவை போட்டுக்கொண்டு படுத்தாள்.

தவக்காலத்துச் சனிக்கிழமை ஒன்றில் மடத்துக் கன்னியர் எல்லோரும் வில்லியனூர் மாதா கோயிலுக்கு நடந்து போவது வழக்கம். கைப்பேசியை எடுத்துப்போவதில்லை. மூலக்குளம் முனை வரைக்கும் சத்தமாகச் செபமாலை சொல்லலாம். மூலக்குளத்துக்குப் பிறகு பேச்சில்லை. கோயில் குளத்தின் படியைத் தொடும்வரை வரிசையாக, கண்ணைத் தரையை விட்டு எடுக்காமல் நடக்க வேண்டும். கண்ணடக்கம் என்பார்கள். பக்கத்துக் கடையையோ, போகிற பஸ்ஸையோ, முன்னால் நடக்கிறவரின் முதுகையோகூடப் பார்க்கக் கூடாது. அவருடைய குதிகால் தெரிந்தால் போதும். எல்லோருக்கும் இளையவள் கடைசியில் வருவாள்.

சிஸ்டர் பிலோமினுக்கு எழுபத்தெட்டு வயது. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை வியாதி வந்து பல வருடம் ஆகிவிட்டது. இப்போது கொஞ்ச நாளாக மறதியும் சேர்ந்திருந்தது. அவர் நடைக்கு வர வேண்டாம் என்றுதான் மதர் முதலில் சொன்னார். மாதாவிடம் போகாத தவக்காலம் தனக்கு எதற்கு என்று சிஸ்டர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பார்க்கப் பொறுக்காமல் லூர்துசெல்விதான் மதரிடம் போய் நின்றாள்.

"மூலக்குளம் வரைக்கும் நெல்சன் அண்ணன் ஆட்டோவுல வரட்டும் மதர். அங்கேர்ந்து நடக்கட்டும். நான் பாத்துக்கறேன்."

"நீ பாத்துக்குவியா?"

"பாத்துக்கறேன் மதர்."

அந்த ஏற்பாட்டைக் கேட்டதும் சிஸ்டர் பிலோமினுக்கு அதுவும் குறையாகத்தான் பட்டது. "ஆட்டோவுல போயி எறங்குனா, மீட்டர் போட்டானான்னுதான்டி மாதா மொதல்ல கேப்பாங்க" என்றார்.

சனிக்கிழமை இருட்டோடு எழுந்து லூர்துசெல்வி இட்லித் தட்டை அவருடைய அறைக்குக் கொண்டுபோய் வைத்தாள். வயிற்றுச் சதையைப் பிடித்து ஊசியைப் போட்டாள்.

"ஊசி போட்டாச்சின்னா சாப்பிட்டே ஆவணும் சிஸ்டர். சாப்பிடலன்னா சக்கர கீழ எறங்கிடும். ஆளையே சாச்சிடும்."

"நாப்பது வருஷம் பாடம் சொன்னவளுக்கே பாடம் சொல்றியா? நீ போ. தின்னுக்கறேன்."

அதற்குள் மணி அடித்துவிட்டது. மடத்தில் மணி அடித்தால் பாதி எழுத்தில் பேனாவை வைத்துவிட்டு எழுந்து போக வேண்டும். அப்படித்தான் அவளைப் பழக்கியிருந்தார்கள். அவள் போய்விட்டாள். செபம் முடிந்து வெளியே வந்தபோது சிஸ்டர் பிலோமின் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்திருந்தார்.

"சாப்டீங்களா சிஸ்டர்?"

"ஆச்சு ஆச்சு."

மூலக்குளம் முனைக்கு அவர்கள் வந்து சேர்ந்தபோது நன்றாக விடிந்துவிட்டிருந்தது. நெல்சன் ஆட்டோவை ஓரங்கட்டியிருந்தார். சிஸ்டர் பிலோமின் இறங்கி வந்து வரிசையில் லூர்துசெல்விக்கு முன்னால் நின்றுகொண்டார். மதர் அவர் காதருகே குனிந்து ஏதோ சொன்னார், அவர் தலையாட்டினார். பிறகு மதர் சிலுவை அடையாளம் வரைந்தார். அதோடு பேச்சு நின்றது. குளுக்கோஸ் இருந்த பை ஆட்டோவிலேயே இருந்ததை லூர்துசெல்வி அப்போது கவனித்தாள். நெல்சன் பின்னாலேயே வருகிறவர்தானே என்று விட்டுவிட்டாள்.

தலையைத் தாழ்த்தி நடந்தார்கள். அவளுக்குத் தெரிந்தது தார்ச்சாலையின் ஓரமும், மணலும், முன்னால் போன பழுப்புச் செருப்புகளும் மட்டுமே. கொஞ்ச தூரம் போனதும் அந்தச் செருப்புகள் நின்றன. இடது பக்கம் திரும்பின. மூலை உடைந்த ஒரு சிமென்ட் பலகை கால்வாய்மேல் கிடந்தது. செருப்புகள் அதில் ஏறி இறங்கின. அப்பால் ஈரத் தரை, மாட்டுக் குளம்புகளின் தடம், காவி ஓரம் கட்டிய ஒரு கோலம். செருப்புகள் கோலத்தை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு சந்துக்குள் போய், அவள் பார்வை எட்டும் வட்டத்தைத் தாண்டி மறைந்தன.

லூர்துசெல்வி நின்றாள்.

நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஒரே ஒரு 'சிஸ்டர்' போதும், எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். மதரும் திரும்புவார், நேற்று பார்த்த அதே பார்வையோடு. இப்போதுதான் மதர் சிஸ்டர் காதில் ஏதோ சொன்னாரே, சிஸ்டர் அனுமதி கேட்டிருப்பார் போலிருக்கிறது என்று நினைத்தாள். இந்தப் பக்கம் அவருக்குத் தெரிந்த வீடு ஏதாவது இருக்கும். வயதானவர், அவசரமாகப் போக வேண்டியிருந்திருக்கும். அதைப் போய் நடுரோட்டில் கூவுவதா? பின்னால்தான் நெல்சன் இருக்கிறார், ஏற்றிக்கொண்டு வந்துவிடுவார். இத்தனை சமாதானத்தையும் அவள் தனக்குச் சொல்லிக்கொண்டு நிற்கையில் வரிசை தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. இடைவெளி விழக் கூடாது என்பதும் விதி. அவள் எட்டி நடந்து, அடுத்த ஜோடிச் செருப்புகளைப் பிடித்துக்கொண்டாள்.

பாலம் ஏறி இறங்கி, வில்லியனூர் வந்து, குளத்துப் படியில் மதர் கால் வைத்து, "வாழ்க மரியே" என்று முதல் வார்த்தை பேசினார். திரும்பிப் பார்த்தார்.

"பிலோமின் எங்க?"

லூர்துசெல்வி நெல்சனைத் தேடினாள். ஆட்டோ கோயில் வாசலில் நின்றது. நெல்சன் டீக்கிளாசோடு அதில் சாய்ந்து நின்றார். ஆட்டோவுக்குள் அவளுடைய பை மட்டும் இருந்தது.

"நான் முன்னாலயே வந்துட்டேனே சிஸ்டர். வண்டிக்கு கேஸ் போடணும்னு உங்களத் தாண்டித்தான வந்தேன். நீங்கதான் யாரும் நிமிந்தே பாக்கல."

"அவங்க மூலக்குளத்துலயே ஒரு சந்துல திரும்புனாங்க மதர்" என்றாள் லூர்துசெல்வி. குரல் அவளுக்கே கேட்கவில்லை. "உங்க கிட்ட சொல்லிட்டுத்தான் போறாங்கன்னு நெனச்சேன்."

"என் கிட்டயா? எங்கண்ணனுக்கு ஆபரேஷன், வேண்டிக்குங்கன்னு நான்தான் அவங்க கிட்ட சொன்னேன்." மதரின் முகம் வெளுத்துவிட்டது. "பாத்துக்கிட்டே வந்தியா? ஒரு வார்த்த கூப்பிடக் கூடாது?"

மதர் கோயிலில் சொல்லி மைக்கில் கூப்பிடச் சொல்வதற்கு உள்ளே ஓடினார். மற்ற சிஸ்டர்கள் வந்த வழியே நடந்து தேடுவதென்று ஆனது. லூர்துசெல்வி ஆட்டோவில் ஏறினாள். அவர்கள் எல்லோருக்கும் சேர்த்து நெல்சனிடம் ஒரே ஒரு கைப்பேசிதான் இருந்தது.

மூலக்குளத்தை நெருங்கியதும் நெல்சன் வேகத்தைக் குறைத்தார். "எந்தச் சந்து? மெடிக்கல் ஷாப் பக்கத்துலயா, பைக் ஷோரூமுக்கு முன்னாடியா?"

லூர்துசெல்வி இரண்டு பக்கமும் பார்த்தாள். போர்டுகள், மாடிகள், கொடிக்கம்பங்கள், கம்பி கம்பியாக ஒயர்கள். எதையும் முன்னே பின்னே பார்த்த மாதிரியே இல்லை. இந்தச் சாலை வழியாகப் போன வருடமும் நடந்திருக்கிறாள்.

"தெரியலண்ணா."

"தெரியலயா? கண்ணால பாத்தேன்னீங்க?"

"நான் தரையத்தாம்ண்ணா பாத்தேன்."

நெல்சன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கைப்பேசி அடித்தது. மடத்தில் சமையல் செய்யும் சின்னக்கண்ணு அக்காள். லூர்துசெல்வி வாங்கிக் காதில் வைத்தாள்.

"செல்வி சிஸ்டரா? பிலோமின் சிஸ்டர் ரூம கூட்டலாம்னு வந்தேன். இட்லி அப்படியே மூடி வெச்சபடி கெடக்குதே. ஒண்ணுகூடத் தொடல. நாய்க்குப் போட்றதா, எடுத்து வெக்கிறதா?"

லூர்துசெல்வி கைப்பேசியை நெல்சனிடம் நீட்டினாள். ஊசி உள்ளே போய்விட்டது, இட்லி போகவில்லை. கலைவாணன் சார் கரும்பலகையில் எழுதிப் போட்டது அப்படியே கண்ணில் வந்தது: முதலில் வியர்க்கும், கை நடுங்கும். பிறகு பேச்சு குழறும். பிறகு மயக்கம். விழுங்க முடிகிறவரைக்கும் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கலாம். மயங்கிவிட்டால் வாயில் சொட்டுத் தண்ணீர்கூட விடக் கூடாது. அதன் பிறகு நம் கையில் ஒன்றும் இல்லை.

"எறக்கி வுடுங்கண்ணா. நான் நடந்தே பாக்கறேன்."

"நடந்தா? நேரமாவும் சிஸ்டர்!"

"மேல பாத்தா எனக்கு அடையாளம் தெரியாது."

முனையில் இறங்கி, பையைத் தோளில் மாட்டி, காலையில் நின்ற இடத்தில் நின்றாள். தலையைத் தாழ்த்தினாள். நடந்தாள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளில் மணியடித்துத் திட்டிக்கொண்டு விலகிப் போனார்கள். தார் விரிசல் ஒன்று வந்தது. ஆம், இதைப் பார்த்திருக்கிறாள். நசுங்கிய ஒரு பெயிண்ட் டப்பா, அதையும் பார்த்திருக்கிறாள். கால்வாய்மேல் ஒரு பலகை வந்தது, மூலை உடையவில்லை. தாண்டினாள். இன்னொன்று, அதுவும் முழுசாகவே இருந்தது. தாண்டி வந்துவிட்டோமோ என்று உள்ளே ஒரு குரல் ஆரம்பித்தது. திரும்பிப் போய்ப் பார்க்கலாமா? பெயிண்ட் டப்பா வேறு டப்பாவாக இருந்தால்? அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் பத்தடி நடந்தாள்.

மூலை உடைந்த பலகை. அப்பால் இருந்த ஈரம் காய்ந்து போயிருந்தது. கோலத்தின்மேல் வண்டிகள் ஏறி இறங்கி, ஓரத்துக் காவி மட்டும் ஒரு கீற்று மிச்சம் இருந்தது.

"இதாண்ணா!"

சந்து உள்ளே போய் மூன்றாகப் பிரிந்தது. எந்தப் பக்கத்திலும் குளம்புத் தடம் இருந்தது. இதற்கு மேல் தரையைப் பார்த்துப் பயனில்லை. லூர்துசெல்வி நிமிர்ந்து, மூச்சை இழுத்து, மடத்துக்கு வந்த நாளிலிருந்து அடக்கி வைத்திருந்த குரலை அப்படியே விட்டாள்.

"சிஸ்டர்ர்ர்! பிலோமின் சிஸ்டர்ர்ர்!"

மின்கம்பியில் இருந்த காக்கைகள் எழும்பின. பின்னால் ஆட்டோவைத் திருப்பிக்கொண்டிருந்த நெல்சன் காதைப் பொத்திக்கொண்டார். "எம்மா! இந்தத் தொண்டைய இத்தினி நாளா எங்க வெச்சிருந்தீங்க?"

வலது பக்கத்துச் சந்திலிருந்து ஒரு பெண் சாணிக் கையோடு ஓடி வந்தாள். "யாரத் தேடறீங்க? வெள்ளச் சேல கட்டுன ஊமை அம்மாவையா?"

அவள் பெயர் வேம்பு. பால் கறந்து ஊற்றுகிறவள். மாட்டுக்கொட்டகையை ஒட்டித் தகரம் வேய்ந்த நிழலில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் சிஸ்டர் பிலோமின் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் ஏழெட்டுப் பேர்.

"தானா வந்து செவுத்தப் புடிச்சிக்கிட்டு நின்னாங்க" என்றாள் வேம்பு. "என்னாம்மா, ஏதும்மான்னு கேட்டா பதிலே இல்ல. கைய கைய ஆட்டறாங்க. பால் குடுத்தேன், மூஞ்சியத் திருப்பிக்கிறாங்க. நம்ம வூட்டுப் பாலு ஆவாது போலன்னு வெளிய வாங்கியாந்த பன்னும் குடுத்துப் பாத்தேன்."

"ஊமையும் இல்ல ஒண்ணும் இல்ல" என்றார் பலராமன் என்ற பக்கத்து வீட்டுக்காரர். "இப்பல்லாம் எத்தினியோ வேஷம் போட்டுக்கிட்டு வராளுங்க. அதான் வூட்டு கேட்டச் சாத்திட்டு வந்தேன். எதுக்கும் இருக்கட்டும்னு நூத்தியெட்டுக்கும் போன் போட்டுட்டேன்."

லூர்துசெல்வி நாற்காலி முன்னால் முட்டி போட்டாள். சிஸ்டரின் முகம் மெழுகு மாதிரி இருந்தது. முக்காட்டுக்குக் கீழே நெற்றி முழுக்க வியர்வை. மடியில் கிடந்த விரல்கள் தானாக நடுங்கின. ஆனால் உதடுகள் இறுக மூடியிருந்தன. லூர்துசெல்வியைப் பார்த்ததும் ஒரு விரலை மெதுவாகத் தூக்கித் தம் வாய்மேல் வைத்துக் காட்டினார். பேசாதே.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. தலை சுற்றியிருக்கிறது. சொன்னால் எல்லோருடைய மௌனமும் கலையும் என்று சத்தம் போடாமல் ஒதுங்கியிருக்கிறார். அந்த மௌனத்தைத்தான் இன்னும் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்.

"தண்ணி குடுங்கக்கா. பால் வேணாம், தண்ணி." பையைக் கவிழ்த்து குளுக்கோஸை எடுத்து வேம்பு நீட்டிய டம்ளரில் கொட்டி, ஒரு கரண்டி வாங்கிக் கலக்கினாள். "சிஸ்டர், சக்கர எறங்கிடுச்சி. இதக் குடிங்க."

தலை இடமும் வலமும் ஆடியது.

"குடிச்சே ஆவணும் சிஸ்டர்."

சிஸ்டர் பிலோமின் தம் நாக்கைத் தொட்டுக் காட்டி, கைகூப்பினார். கோயில் பூசையில் நன்மை, அதாவது நற்கருணை அப்பம், வாங்க வேண்டும். வாங்குகிறவரைக்கும் பச்சைத் தண்ணீர் படக் கூடாது. இளம் வயதில் கற்றது. சட்டம் எப்போதோ மாறிவிட்டது, அவர் மாறவில்லை.

"நோயாளிக்கு ஒருசந்தி கெடையாது சிஸ்டர். சாமியாரே பிரசங்கத்துல சொல்லியிருக்காங்க. உங்களுக்குத் தெரியாததா?"

தலை மறுபடியும் ஆடியது. ஆனால் இந்த முறை ஆட்டம் பாதியில் நின்று, தாடை நெஞ்சில் சரிந்தது. லூர்துசெல்வி அவர் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து நிமிர்த்தினாள். கண்கள் அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் எங்கோ மிதந்தன.

"ஆம்புலன்சு பாலத்தாண்ட நெரிசல்ல நிக்கிதாம்" என்றார் நெல்சன் கைப்பேசியை மூடியபடி.

"மூக்கப் புடிச்சி ஊத்தும்மா" என்று யாரோ சொன்னார்கள். கூடாது. புரையேறினால் நுரையீரலுக்குப் போய்விடும். அவராக விழுங்க வேண்டும். விழுங்குவதற்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்கிறது. மதரைக் கூப்பிட்டு இரண்டு வார்த்தை பேசச் சொன்னால் போதும். மதரிடம் போன் கிடையாது. அவர் கோயிலில் இருக்கிறாரோ, வழியில் இருக்கிறாரோ.

லூர்துசெல்வி எழுந்து நின்றாள். எல்லோருக்கும் இளையவள், சாப்பாட்டு மேசையில் கடைசி நாற்காலிக்காரி, அதுவரை சிஸ்டர் பிலோமினிடம் ஒரு தடவைகூட நிமிர்ந்து பேசியதில்லை. கடற்கரைக் குரலில், ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்:

"சிஸ்டர் பிலோமின். மதர் வெரோனிகாவோட கட்டள. நீங்க இதக் குடிக்கணும். கீழ்ப்படிதல்மேல சொல்லி அனுப்பியிருக்காங்க."

மிதந்துகொண்டிருந்த கண்கள் நின்றன. எங்கிருந்தோ திரும்பி வந்து அவள் முகத்தில் பதிந்தன. கீழ்ப்படிதல் என்பது ஐம்பத்தைந்து வருடத்துக்கு முன்னால் பீடத்தின் முன் குப்புற விழுந்து அவர் கொடுத்த வார்த்தைப்பாடு. மறதி எல்லாவற்றையும் தின்றிருந்தாலும் அதைத் தொட்டிருக்கவில்லை போலிருக்கிறது. சிஸ்டர் பிலோமின் வாயைத் திறந்தார்.

முதல் கரண்டி கடைவாயில் வழிந்தது. லூர்துசெல்வி தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தொண்டை ஏறி இறங்கியது. இரண்டாவது கரண்டி, பிறகு மூன்றாவது. வேம்பு தன் முந்தானையால் அந்த முகத்தைத் துடைத்துவிட்டாள். பின்னால் ஒரு மாடு தொட்டியை முட்டிக்கொண்டிருந்தது. டம்ளர் பாதியான பிறகு, விரல்களின் நடுக்கம் கொஞ்சம் கொஞ்சமாக மட்டுப்பட்டது. சிஸ்டர் நாக்கால் உதட்டைத் தடவினார்.

"ரொம்பத் தித்திப்பு" என்றார்.

"அடி ஆத்தே, பேசறாங்க!" என்று வேம்பு கத்திவிட்டாள்.

பலராமன் தன் வீட்டுக் கேட்டைத் திறந்து, உள்ளே இருந்து மின்விசிறி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

ஆம்புலன்ஸ்காரர்கள் விரல் நுனியில் குத்திப் பார்த்தபோது சர்க்கரை இன்னும் கீழேதான் இருந்தது, ஆனால் ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் வேறு கதை என்று அவர்களில் ஒருவர் சொன்னார். ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து ஊசிவழியாகக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். மதர் வந்து சேர்ந்தபோது சிஸ்டர் பிலோமின் தலையணையில் சாய்ந்து, செபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார்.

"உங்க வார்த்தைக்காகத்தான் குடிச்சேன் மதர்" என்றார் குறையாக. "நன்ம போச்சு."

லூர்துசெல்வி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். மதர் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"நன்ம எங்கயும் போவல. சாயங்காலம் சாமியார் மடத்துக்கே கொண்டாருவார். இப்பத் தூங்குங்க."

வராந்தாவுக்கு வந்ததும் மதர் நின்றார். "நான் எப்ப கட்டள குடுத்தேன்?"

"குடுக்கல மதர். பொய்தான் சொன்னேன்."

"ம்."

"வேற எதுக்கும் அவங்க வாயத் தொறக்கல மதர்."

"அந்தப் பொய்க்கு நான் உன்னக் கேக்க மாட்டேன். பாவசங்கீர்த்தனத்துல சொல்லிக்க." மதர் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். "ஆனா மூலக்குளத்துல ஒரு வார்த்த கூப்பிட்டிருந்தின்னா, பொய்யே வேண்டியிருந்திருக்காது. ஏன் கூப்பிடல?"

உண்மையைச் சொல்வதா என்று லூர்துசெல்வி யோசித்தாள். யோசித்தால் சொல்ல முடியாமல் போய்விடும் என்று தெரிந்தது.

"நீங்க பாப்பீங்கன்னு பயந்துட்டேன் மதர். ராத்திரி பாத்த மாதிரி."

மதர் கண்ணாடியை மாட்டினார். கீழே மருந்துக் கவுண்டரில் யாரையோ பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அந்தத் தண்ணிய அவங்க சோத்துல ஊத்தப் போறதப் பாத்துட்டுச் சும்மா இருந்த மத்தவங்களத்தான் நான் பாத்திருக்கணும்" என்றார் கடைசியில். "நாளைக்கு மத்தியானம் மேசையில நீ எழுந்து நின்னு சொல்லணும். எந்த மௌனமா இருந்தாலும், ஒருத்தருக்கு முடியலன்னா, பாத்தவங்க வாயத் தொறந்தே ஆவணும்னு."

"நானா மதர்? நீங்க சொன்னாத்தான..."

"நான் சொன்னேன்னு சொல்லு. இந்தத் தடவ நெசமாவே சொல்றேன்."

சாயங்காலம் மடத்துக்குத் திரும்பியதும் லூர்துசெல்வி சிஸ்டர் பிலோமினைப் படுக்க வைத்தாள். சாமியார் வந்து நன்மை கொடுத்துவிட்டுப் போனார். சிஸ்டர் இரண்டு தோசை சாப்பிட்டார், மூன்றாவது தோசை கருகியிருக்கிறது என்று தள்ளிவைத்தார், காலையில் எங்கே போய்வந்தோம் என்று கேட்டார். வில்லியனூருக்கு என்று சொன்னாள். மாதாவைப் பார்த்த ஞாபகமே இல்லையே என்றார் அவர். பார்க்கவில்லை, பாதியில் திரும்பிவிட்டோம் என்று லூர்துசெல்வி உள்ளதைச் சொன்னாள்.

பிறகு தன் அறைக்கு வந்து உட்கார்ந்தாள். பிழைகளை எழுத ஆரம்பித்தால் பக்கம் போதாது என்று தோன்றியது. அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு, அடுத்ததை முதலில் எழுதினாள்.

2025 மார்ச் 15, சனி.

நாளைய வேலை: காலையில் சிஸ்டர் பிலோமினுக்குச் சர்க்கரை பார்ப்பது. தட்டு முன்னால் வந்த பிறகே ஊசி. அவர்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை, மணி அடித்தாலும், பக்கத்தை விட்டு எழுந்திருப்பதில்லை. மதியம் மேசையில் எழுந்து நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி சொல்வது.